ஆறாம் வருஷத்துப் பாடம்

எர்மெலிந்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டாக்டர் படிப்பின் ஆறு வருஷத்துப் பாடத்தையும் வரிசை தப்பாமல் சொல்வாள். முதல் வருஷம் பிணம். இரண்டாம் வருஷம் கிருமியும் மருந்தும். மூன்றாம் வருஷம் நோயாளியைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். நான்காம் வருஷம் பிரசவம், குழந்தை, கிழடு, பைத்தியம் என்று ஒரு வார்டு பாக்கியில்லாமல் துரத்துவார்கள். ஐந்தாம் வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே தூங்கப் பழக வேண்டும். ஆறாம் வருஷம் சான் மெல்ச்சோர்.

அவளைப் பொறுத்தவரை அது அப்படித்தான். ஆறாம் வருஷம் கிராமச் சேவை. டாக்டரே இல்லாத மலையூர்களுக்குப் பிள்ளைகளை ஒரு வருஷம் அனுப்புவார்கள். அதை முடித்தால்தான் பட்டம். எந்த ஊர் என்பதைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம். மார்க் வரிசையில் கூப்பிடுவார்கள். முதல் மார்க்குக்காரன் நகரத்துக்குப் பக்கத்து ஊரை எடுப்பான். சான் மெல்ச்சோருக்கு வஹாக்கா நகரத்திலிருந்து எட்டு மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் சேறு. ஆகவே பதினோரு வருஷமாக இந்த ஊருக்கு வகுப்பிலேயே கடைசிப் பிள்ளைதான் டாக்டராக வந்து வாய்த்தது. பிப்ரவரி முதல் தேதி வரும், ஜனவரி முப்பத்தொன்று போகும். ஒரு வழியாக ஊசி போடக் கை பழகும் நேரத்தில் பெட்டியைக் கட்டிவிடும். ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியன் என்பார்கள். அந்த ஆயிரத்தில் தன் பங்கை ஊர் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பதினோரு பேருக்கும் வேளா வேளைக்குச் சோள ரொட்டி சுட்டுப் போட்டவள் எர்மெலிந்தா. ஊர்க் கூட்டம் அவளிடம் ஒப்படைத்த வேலை அது. பாடம் எல்லாம் அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டே புலம்பியதில் அவள் பொறுக்கியது. பதினோராவது பிள்ளையான உலிசெஸ் மட்டும் டிசம்பரிலிருந்து அவள் அடுப்படிக்கு வருவதில்லை. நர்ஸ் செலெரினா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டான். எர்மெலிந்தாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது அந்த டிசம்பரில்தான்.

இப்போது ஜனவரி கடைசி வாரம். காப்பிப் பழம் செடியிலேயே கறுக்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாளாக இறங்கிய மூடுபனி ஏறவில்லை. பாயில் பரப்பிய கொட்டை காயாமல் புளித்த வாடை அடித்தது. எர்மெலிந்தாவின் புருஷன் ஃபிடென்சியோ கொட்டகையில் தோல் உரிக்கும் யந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் அவன்தான் ஊர்த் தலைவன். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. முறை வந்தால் ஒரு வருஷம் கூலியில்லாமல் ஊருக்கு உழைத்தாக வேண்டும். பெண்டாட்டிக்குக் கால் போயிற்று என்றாலும் விடமாட்டார்கள். ஜனவரி முதல் தேதி கோலையும் முத்திரையையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஊர் எழுத்தர் எபிஃபானியோ நைலான் உறையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"பங்காளி, கையக் கழுவிட்டு வாய்யா. இதுல ஒரு முத்திரை குத்தணும்."

"என்னது அது?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. டாக்டர் தம்பி கடுதாசி. 'இவரு சேவையில எங்க ஊருச் சனங்களுக்கு எந்தக் குறையும் இல்ல'ன்னு இருக்கு. நீ குத்தினாத்தான் காலேஜுல அந்த வருஷத்தக் கணக்குல சேப்பாங்க. இல்லாட்டி மறுபடியும் ஒரு வருஷம் எங்கயாச்சும் போயிக் கெடக்கணும்."

ஃபிடென்சியோ கைப்பிடியை நிறுத்தவில்லை.

"குறை இல்லையாக்கும்?"

"வழக்கமா எழுதுறதுதான்யா. பதினோரு வருஷமா அதே வாசகம். பேர மட்டும் மாத்துவோம்."

"என் பொண்டாட்டி உள்ள உக்காந்திருக்கா. போயி அவ முன்னால வாசி. 'எந்தக் குறையும் இல்ல'ன்னு நீ சொல்லும்போது அவ எந்திரிச்சு நின்னான்னா நான் குத்துறேன்."

எபிஃபானியோ தொப்பியைக் கழற்றி ஈரத்தை உதறினார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்கள்தான் இந்த மாதிரிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா? ஆனா பக்கத்து சான் லூக்காஸ் தலைவன் கதைய யோசிச்சுப் பாரு. அவனும் ரோஷப்பட்டு முத்திரை குத்த மாட்டேன்னான். காலேஜுக்காரன் என்ன செஞ்சான்? அந்த ஊர்ப் பேரயே பட்டியல்லருந்து அடிச்சுட்டான். மூணு வருஷமா ஆஸ்பத்திரிக் கதவுல பூட்டுத் தொங்குது. போன மழையில அவன் மருமக லாரியிலயே பெத்தா. புள்ள தங்கல."

"அதுக்காக?"

"அதுக்காக, கடைசி மார்க்கு டாக்டராச்சும் இருக்கட்டும்ங்கறேன். முப்பதாம் தேதி வழியனுப்பு விருந்து. வான்கோழி அறுக்கச் சொல்லியாச்சு, மேளக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. நீ முகத்தத் தூக்கிவெச்சுக்கிட்டு உக்காந்தா ஊருக்கு அசிங்கம்."

"ஊருக்கு அசிங்கம் வரக் கூடாதுல்ல. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்ல."

எபிஃபானியோ காகிதத்தை ஒரு காப்பி மூட்டை மேல் வைத்துவிட்டுப் போனார். அதன் மேல் மூட்டை ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று ஃபிடென்சியோவே எடுத்துப் பலகையில் வைத்தான். அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

கால் போன கதை ஊருக்கே தெரியும். எர்மெலிந்தாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். செப்டம்பர் மழையில் ரப்பர் பூட்ஸோடு காப்பிக்குக் களை வெட்டினாள். விரலிடுக்கில் புண் வந்திருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் வலி தெரியாது, அவளுக்கும் தெரியவில்லை. நவம்பர் முதல் வாரம் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைத்த நாட்களில் வீட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது. படையல் மாடத்துச் சாமந்தி தண்ணீரில் அழுகுகிறது என்று ஃபிடென்சியோ நினைத்தான். வருஷா வருஷம் அழுகுவதுதானே? பூவை அள்ளிக் கொட்டினான், சாடியைக் கழுவினான், இரண்டு வேளை கூடுதலாகச் சாம்பிராணி போட்டான். நாற்றம் போகவில்லை. எலி செத்திருக்கும் என்று பரணைக் கலைத்தான். பெண்டாட்டியின் பூட்ஸை மட்டும் அவன் கழற்றிப் பார்க்கவில்லை. டிசம்பர் ஒன்பதாம் தேதி அவள் காய்ச்சலில் பிதற்றினாள். உலிசெஸ் மாதாந்தர வகுப்புக்கு நகரத்துக்குப் போய் நான்கு நாள் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. சோள லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொன்றாம் தேதி வெட்டிவிட்டார்கள்.

டாக்டர் மாறும்போது ஆஸ்பத்திரிச் சாமான்களை ஊர்த் தலைவன் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டாம் தேதி ஃபிடென்சியோ அதற்காகப் போனான். தராசு ஒன்று, கட்டில் இரண்டு, குளிர்ப்பெட்டி ஒன்று என்று நர்ஸ் செலெரினா வாசித்துக்கொண்டு வந்தாள். உலிசெஸ் ஜன்னல் பக்கம் நின்றான். இருபத்துநாலு வயசு, மீசை இன்னும் சரியாகக் கூடாத முகம். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது கழுதையைக் கண்டு ஒதுங்கியவன்.

"சர்க்கரைக்காரங்க அட்டையெல்லாம் எங்க?" என்றான் ஃபிடென்சியோ.

"அது சாமான் பட்டியல்ல வராதுண்ணே," என்றாள் செலெரினா.

"நான் தலைவன். எடு. என் வீட்டுக்காரி அட்டைய வாசி."

செலெரினா டாக்டரைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் வாசித்தாள்.

"பிப்ரவரி. வெறும் வயித்துல இருநூத்தி எழுபது. கால், சரி. மார்ச், நூத்திப் பதினெட்டு. கால், சரி. ஏப்ரல், நூத்திப் பத்து..."

"கடைசி மாசத்துக்குப் போ."

"டிசம்பர் நாலு. நூத்தி இருபத்தொண்ணு." அவள் நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் வாசி தாயி."

"கால், சரி."

வெளியே யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. ஃபிடென்சியோ கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏழு நாள் கழிச்சு வெட்டிப் போட்ட காலு டாக்டரே. 'சரி'ன்னு எழுதியிருக்கீங்க." முன்பெல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவான்.

"டிக் போட்டேன்யா. பாக்கல." உலிசெஸ் ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வந்தான். "நாலாம் வருஷத்துல படிச்சேன். மாசா மாசம் செருப்பக் கழட்டச் சொல்லி விரலுக்கு விரல் பிரிச்சுப் பாக்கணும்னு. பரிச்சையிலயும் எழுதினேன். இங்க வந்து மொத மாசம் கேட்டேன். பொம்பளைங்க சேத்துக் காலக் காட்ட வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க. சரி அடுத்த மாசம்னு விட்டேன். அப்புறம் நம்பர் எல்லாம் நல்லா வந்துச்சு. நம்பர் நல்லா இருக்கும்போது காலுக்கு என்ன வரப்போகுதுன்னு..."

"எப்படி நல்லா வந்துச்சு? பெரிய ஆஸ்பத்திரியில மூணு மாசத்துச் சர்க்கரைய ஒரே சோதனையில பாப்பாங்களாமே, அதுல பார்த்துட்டு அந்த டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிச்சு. 'இந்தப் பொம்பள இத்தன நாள் எப்படி உசுரோட இருந்தா'ன்னு கேட்டுச்சு. இங்க நூத்திப் பத்தாம், நூத்திப் பதினெட்டாம்!"

செலெரினா அட்டையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அண்ணே, அது... மாசா மாசம் சர்க்கரைக்காரங்க கூட்டம் வெச்சுச் சோதிப்போம்ல, அதுக்கு முன்ன மூணு நாளு பொம்பளைங்க யாரும் ரொட்டி தின்ன மாட்டாங்க. சப்பாத்திக்கள்ளியும் சௌசௌவும் அவிச்சுத் தண்ணியக் குடிச்சுட்டுக் கெடப்பாங்க. அப்ப விரல்ல குத்தினா நம்பர் நல்லா வரும். எர்மெலிந்தாக்காதான் ஆரம்பிச்சு வெச்சுது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

"முழுசாத் தெரியாது," என்றான் உலிசெஸ். பிறகு, "தெரியும்," என்றான். "அந்த மூணு நாளு எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டுட்டு லிந்தாம்மா 'நான் அப்புறம் தின்னுக்கிறேன்'னு சொல்லும். நான் கேக்கல. சர்க்கரைக்காரங்க குரூப்பு நம்பர் நல்லா இருந்தா எனக்கு மார்க்கு. அதனால கேக்கல."

"பெத்த புள்ள மாதிரி உனக்குச் சுட்டுப் போட்டாளேடா!"

ஃபிடென்சியோ எழுந்துவிட்டான். மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அடித்துவிடுவான் என்று செலெரினா நடுவில் வந்து நின்றாள். உலிசெஸ் நகரவில்லை. அவனுக்கும் கண் சிவந்துவிட்டது.

"நான் பாக்கலய்யா. என்னைக்கும் அத நான் மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் மாசத்துல ஒரு நாள் பாக்க வேண்டியவன். நீங்க தினம் அதே வீட்டுல, அதே படுக்கையில. அந்த மூணு நாளும் நீங்களும் அவங்க சுட்ட ரொட்டியத்தான் தின்னீங்க. நீங்க பாத்தீங்களா?"

கேட்டவன் கேட்கத் தகுதியில்லாதவன்தான். ஆனால் கேள்வி தப்பில்லையே. ஃபிடென்சியோ குளிர்ப்பெட்டி ஒன்று என்று எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் எர்மெலிந்தா முக்காலியில் உட்கார்ந்து கறுப்புப் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்று கத்தினான்.

"மாசா மாசம் பட்டினி கெடந்தியாமே!"

"யாரு சொன்னா? செலெரினாவா? அவளுக்கு வாயில பூட்டே கெடையாது." அவள் ஒரு கல்லை எடுத்து வீசினாள். "ஆமா, கெடந்தேன். நான் மட்டுமா? பதினெட்டுப் பேரும்தான்."

"எதுக்குடி கெழவி? எவன் கேட்டான் உன்ன?"

"யாரும் கேக்கல. மொத மாசம் எங்க நம்பரப் பார்த்துட்டு அந்தப் புள்ள இதே அடுப்படியில தலையில கைய வெச்சு உக்காந்துச்சு. ரொட்டிய ஒரு வாய் தொடல. குரூப்பு நம்பர் எறங்கலேன்னா மார்க்கு போயிடுமாம். அதுக்கு ஏற்கெனவே கடைசி மார்க்கு. அதோட ஆத்தா தையல் மெஷின மிதிச்சு மிதிச்சுப் படிக்க வெச்சவ. அஞ்சு வருஷம் தாண்டி வந்துட்டு எங்க ஊர்ல வந்து வழுக்கி விழணுமா? அதான் எல்லாருமா பேசிக்கிட்டோம். மூணு நாளு ரொட்டி இல்லாட்டி செத்தா போயிடுவோம்?"

"போயிருப்பே. இன்னும் ஒரு நாள் லாரி கெடைக்கலேன்னா போயிருப்பே."

"போகலல்ல?"

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"நீ என்னைக்குக் கேட்டே? ரொட்டி சூடா இருக்கான்னுதான் கேப்பே."

அவன் அடுப்பைப் பார்த்தான். நாற்பது வருஷமாக அந்த ரொட்டிக் கல்லிலிருந்து முதல் ரொட்டி அவனுக்குத்தான் வந்தது. கடைசி ரொட்டி யாருக்குப் போயிற்று, போயிற்றா இல்லையா என்று அவன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"நான் முத்திரை குத்த மாட்டேன்," என்றான்.

"குத்துவே."

"அவன் ஒன் காலப் பாக்கவே இல்லடி. பாக்காம 'சரி'ன்னு எழுதியிருக்கான்."

"எனக்குத் தெரியாதா? ஒரு தடவ நானே காட்டலாம்னு நெனச்சேன். அப்புறம் புண்ணு இருக்குன்னு எழுதினா குரூப்புக்குக் குறையாயிடுமோன்னு பூட்ஸக் கழட்டல." அவள் பயற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் எரியலங்கிறியா? ராத்திரி இல்லாத கால் அரிக்குதுய்யா. சொறியக் கையக் கொண்டுபோனா வெறும் போர்வை. அந்தப் பய இங்க வந்தான்னா கொள்ளிக்கட்டையாலயே அடிப்பேன். ஆனா முத்திரை குத்து. என் கால அதுக்குத்தான் கொடுத்தேன். அவனும் பாஸாகலேன்னா இது எதுக்குப் போச்சு? ஒரு பிரயோசனமுமில்லாம நாய்க்குப் போட்ட மாதிரில்ல ஆயிடும்."

சொல்லிவிட்டு அழுதாள். ஃபிடென்சியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருவருமாகப் பயற்றில் கல் பொறுக்கினார்கள்.

முப்பதாம் தேதி விருந்து குறையில்லாமல் நடந்தது. வான்கோழியும் மிளகாயும் எள்ளும் அரைத்த மோலே குழம்பு, அண்டா அண்டாவாகக் காப்பி, மெஸ்கால் சாராயம். மூடுபனியில் மேளக்காரர்களின் ஊதுகுழல் கரகரத்தது. பெண்கள் உலிசெஸின் கழுத்தில் மாலையாகப் போட்டுத் தள்ளினார்கள். சிலர் அழவும் செய்தார்கள். ஒரு வருஷம் குத்திய விரலுக்குக் கூடவா பாசம் வரும்? வரும்போலிருக்கிறது.

ஊர்ச் சாவடி மேசையில் எபிஃபானியோ காகிதத்தை விரித்தார். ஃபிடென்சியோ முத்திரையில் மையைத் தடவி ஓங்கிக் குத்தினான். எபிஃபானியோ பெருமூச்சு விட்டுக் காகிதத்தை இழுத்தபோது அவன் விடவில்லை. பேனாவைக் கேட்டான். இரண்டாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில், முத்திரைக்குக் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். நேரம் பிடித்தது.

"என்னய்யா எழுதுறே? அதுல எழுத ஒண்ணும் இல்ல."

"கணக்கு."

எபிஃபானியோ வாசித்தார். 'சர்க்கரைக் கூட்டத்தில் பெண்கள் பதினெட்டு. கால்கள் முப்பத்தைந்து. டாக்டர் எண்ணவில்லை. புருஷன்மாரும் எண்ணவில்லை.'

உலிசெஸ் காகிதத்தை வாங்கிப் படித்தான். மாலைகளுக்கு மேலே அவன் முகம் வெளுத்தது.

"வேற எழுதித் தரச் சொல்லவா தம்பி?" என்றார் எபிஃபானியோ.

"வேண்டாம்யா," என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். போவதற்கு முன் எர்மெலிந்தாவைப் பார்க்க வீட்டு வாசல்வரை வந்தான். அவள் உள்ளிருந்தபடியே, "போயிட்டு வாப்பா, நல்லா இரு," என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அந்த வரியை நகரத்தில் யாரும் படிக்கவில்லை. காலேஜ் குமாஸ்தா முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் போட்டானாம். செலெரினா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். உலிசெஸ் டாக்டராகிவிட்டான்.

பிப்ரவரி முதல் தேதி பன்னிரண்டாவது பிள்ளை வந்திறங்கியது. பெரெனிசே என்று ஒரு பெண், ஒல்லி, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்டது. ஃபிடென்சியோ கோலோடு போய், முதல் வேலையாகப் பொம்பளைகள் காலைப் பார்க்கச் சொன்னான். "கண்டிப்பாப் பாக்குறேன்யா, மன்னிச்சுக்குங்க," என்றது. அந்த மாதக் கூட்டத்தன்று பதினெட்டு விரலைக் குத்தி முடிப்பதற்குள் வகுப்புக்குப் போகிற லாரி வந்துவிட்டது. அடுத்த மாசம் பார்க்கிறேன் என்று ஓடியது. எர்மெலிந்தா கட்டையை ஊன்றி நின்று அதற்கும் ரொட்டி சுட்டுப் போட்டாள்.

மார்ச் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபிடென்சியோ காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தான். அன்றைக்கு மூடுபனி இல்லை; ஊர் முழுக்கத் தெரிந்தது. பாதி வீட்டுக் கூரையில் புகை இல்லை. அடுப்பு எரிகிற நேரத்தில் எரியாத வீடுகளை அவன் நின்று பார்த்தான். எவை என்று தெரிந்தது: புருஷனுக்கு மட்டும் மதியமே சுட்டு மூடிவைத்துவிட்டுத் தங்களுக்கென்று அடுப்பு மூட்டாத சர்க்கரைக் கூட்டத்துப் பெண்களின் வீடுகள். காலை வேகமாக எட்டிப்போட்டான்.

அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. தட்டில் மூன்று ரொட்டி துணி போர்த்தி இருந்தது.

"உனக்கு எங்க?"

"நான் அப்புறம் தின்னுக்கிறேன்."

"எத்தன நாளா அப்புறம்?"

எர்மெலிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாவம்யா அது. போன மாசம் எங்க நம்பரப் பார்த்து அழுதுருச்சு. சின்னப் புள்ள. அதுவும் கடைசி மார்க்குதானாம்."

அவன் அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு பேசினில் ஊற்றினான். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றினான். அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "விடுய்யா, நானே பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்ல, சேறு..." என்றாள். அவன் விடவில்லை. கழுவினான், தன் சட்டையால் துடைத்தான், கதவைத் திறந்து வைத்து மிச்ச வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, நெல்மணி அகலத்துக்கு வெடித்திருந்தது.

"இங்க வலிக்குதா?"

"எங்க?"

அவன் அதை அழுத்திக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய் ரொட்டிக் கல்லில் இரண்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டுச் சூடாக்கினான். பயற்றை அள்ளி வைத்து, மடித்து, அவள் கையில் திணித்தான்.

"வேண்டாம்யா, நாளைக்கு நம்பர் எடுப்பாங்க."

"எடுக்கட்டும். முந்நூறு வரட்டும், நானூறு வரட்டும். ஒன்னத் தூக்கிட்டுப் போயி, விரலக் காட்டுறதுக்கு முன்னால இந்தக் கால மேசமேல தூக்கி வெக்கிறேன்."

"அந்தப் புள்ள..."

"தின்னு," என்றான் ஃபிடென்சியோ. "நாளைக்கு அந்தப் புள்ள ஃபெயிலாகட்டும்."